மஞ்சள் தண்ணீரில் மூன்று மோதிரங்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
4 அக்டோபர்.

மதிப்பிற்குரிய தாமரை அத்தை அவர்களுக்கு, மலரின் சித்தி மகள் ஷாமினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். காஜாங்கில் நீங்களும் கமலநாதன் மாமாவும் யுகேந்திரன் அத்தானும், உங்கள் வீட்டுக்கு வாழ வந்திருக்கும் எங்கள் மலரும் நலமாக இருக்கவேண்டும். மாமாவின் முட்டிவலிக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் கேட்கிறதா என்று தெரியப்படுத்தவும்.

கல்யாணத்தன்று கிள்ளான் மண்டபத்தில், குடத்தில் மோதிரம் எடுக்கிற விளையாட்டு முடிந்ததும், முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, "எத்தன மோதிரம்மா போட்ட?" என்று நீங்கள் கேட்டபோது, "ஒன்று" என்று நான் சொல்லவில்லை. உங்கள் உள்ளங்கையில் இரண்டு இருந்தன. நான் யோசிப்பதற்குள், மைக்கைக் கையில் வைத்திருந்த அத்தானின் நண்பர் தனேஷ், "ரெண்டு மோதிரம், ரெண்டு வின்னர்! கை தட்டுங்க லா!" என்று கத்திவிட்டார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சொல்லாமல் விட்டதற்கு இப்போது மலர்தான் அவதிப்படுகிறாள். பெரியம்மா, அதாவது உங்கள் சம்பந்தி சீதாலெட்சுமி, விளையாட்டுக்காக என்னிடம் கொடுத்த நெளி மோதிரத்தைக் காணவில்லை. "அது கொடத்தோட காஜாங்குக்குப் போயிடுச்சு" என்று பெரியம்மா சொல்கிறார். "வராத மோதிரத்துக்கு நான் என்னா பதில் சொல்றது? மொதல்ல அவங்க மன்னிப்பு கேக்கட்டும்" என்று நீங்கள் சொன்னீர்களாம். நான்கு வாரமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தலை தீபாவளி நெருங்குகிறது. மலர் தினமும் என் மதிய உணவு நேரத்தில் கூப்பிட்டு, "ஷாமு, நான் எந்த வீட்ல முறுக்கு சாப்பிடறது?" என்று கேட்கிறாள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். ஆனால் போனை வைக்கும்போது சிரிப்பு இருப்பதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவேண்டும்.

நான் பகலில் காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற நேரத்தில் விளையாட்டு வடிவமைப்பு கற்கிறேன் என்பதும் தெரியும். அதைக் கேள்விப்பட்டபோது, "கேம் ஆடறதுக்குமா படிப்பு?" என்று கேட்டது நீங்கள்தான். பெரியம்மா அப்படிக் கேட்கவில்லை. "நீதான் கேமு படிக்கிறவளாச்சே, அந்தக் குடத்துல மோதிரம் எடுக்கறத நீயே நடத்து லா" என்று சொல்லிவிட்டார். யாருடைய கை மோதிரத்தோடு முதலில் வெளியே வருகிறதோ அவருடைய பேச்சுத்தான் வீட்டில் எடுபடும் என்பார்கள்; எல்லாத் திருமணத்திலும் ஐந்து நிமிடத்தில் முடிகிற விளையாட்டுத்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன். மறுநாளே நீங்கள் கூப்பிட்டீர்கள். "பாரும்மா, எங்க பையன்தான் ஜெயிக்கணும். சும்மா ஒரு மரியாதைக்கி." நீங்கள் போனை வைத்த அரைமணியில் பெரியம்மா கூப்பிட்டார். "எம்பொண்ணுதான் எடுக்கணும். இல்லன்னா ஆயுசு பூரா அவ அந்தம்மா சொல்றதத்தான் கேக்கணும்." அந்தம்மா என்றது உங்களைத்தான், மன்னிக்கவும். இருவரிடமும் நான் "சரி, பாக்கலாம்" என்றேன். இருவரும் அதைத் தங்களுக்குச் சாதகமான பதிலாக எடுத்துக்கொண்டீர்கள்.

இருவர் பக்கமும் நான் சாயவில்லை அத்தை. யார் ஜெயிப்பார் என்று ஆடுவதற்கு முன்பே நடத்துகிறவருக்குத் தெரிந்துவிட்டால் அது விளையாட்டு இல்லை. ஆடுகிறவர்களை வைத்து நடத்துகிற நாடகம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. காரணத்தைச் சொல்கிறேன், தப்பாக நினைக்கக்கூடாது. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுகிற நேரத்தில் "அஞ்சு நிமிஷம்" என்று நீங்கள் எழுந்து போனீர்கள். மருந்து சாப்பிடப் போகிறீர்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நீங்கள் கைத்தொலைபேசியில் ஆடுகிற பண்ணை விளையாட்டில் மாட்டுக்குப் புல் போடப் போனீர்கள். மூன்று மணிக்குள் போடாவிட்டால் அந்த மாடு அழும். மூன்று நாள் தொடர்ந்து அழுதால் பண்ணையை விட்டே போய்விடும். அத்தை, அந்த மாடு தானாக அழவில்லை. ஒரு பெரிய மனுஷியை மகன் நிச்சயத்தின் நடுவில் எழுந்து ஓடவைக்க எத்தனை சொட்டுக் கண்ணீர் போதும் என்று, நான் சேர நினைக்கும் தொழிலில் இருக்கிற யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கெட்டிக்காரர்தான். எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன விளையாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விண்ணப்பப் பாரத்தில், உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு கேள்வி. படித்த புத்தகங்களையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை எழுதினேன். இலை விரிந்திருக்கும்வரை அங்கே சோறு வந்துகொண்டே இருக்கும், ரசம் வரும், அப்பளம் வரும், "இன்னும் கொஞ்சம் வைக்கவாக்கா?" என்று அண்ணன் வாளியோடு நிற்பார். இலையை மடித்துவிட்டால் அவ்வளவுதான். யாரும் கெஞ்சமாட்டார்கள். நேற்று மூன்று தரம் வாங்கினீர்களே என்று நினைவுபடுத்தமாட்டார்கள். நாளைக்கும் பசித்தால் வருவோம், அது நம் விருப்பம். நான் செய்கிற எந்த விளையாட்டிலும், ஆடுகிறவர் போதும் என்று மடிக்க ஓர் இலை இருக்கவேண்டும். இதை அப்படியே எழுதி அனுப்பினேன். அம்மா படித்துவிட்டு, "வேல கேக்கறியா, சாப்பாடு கேக்கறியா?" என்றார்.

திறமைகள் என்ற கேள்விக்கு, மலரின் திருமண விளையாட்டையே எடுத்துக்காட்டாக எழுதினேன். ஏனென்றால் நான் அதைச் சும்மா நடத்தவில்லை. பூக்கடையில் ஒரு குடத்தை இரவல் வாங்கி, அலுவலகச் சமையலறையில் வைத்து, மோதிரத்துக்குப் பதிலாக ஓர் இரும்பு வளையத்தைப் போட்டு, பதினெட்டுப் பேரை ஆடவைத்துப் பார்த்தேன். என் மேலாளர் தேநீர் கொண்டுவரும் அக்காவிடம் நான்கு தரம் தோற்றுவிட்டு, தண்ணீர் தெளிவாக இருப்பதால்தான் தோற்றதாகச் சொன்னார். நியாயம்தான் என்று மஞ்சளைக் கரைத்தேன். வளையல் போட்டவர்களின் கை மெதுவாகப் போனது. மணப்பெண்ணின் வளையலைக் கழற்றச் சொல்லமுடியாது. ஆகவே மாப்பிள்ளைக்கும் அதே எண்ணிக்கை வளையல் என்று விதி வைத்தேன். பெரிய அளவாகத் தேடி வாங்கி மேடையில் போட்டுவிட்டபோது அத்தான், "என்னா ஷாமினி, இன்னிக்கே எனக்கு வளைகாப்பா?" என்றார். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனாலும் விதி விதிதான். மேடையில் வைக்க நீங்கள் கொடுத்த குடத்தின் கழுத்தை நூல் வைத்து அளந்தேன். விரித்த கைகள் இரண்டு தாராளமாகப் போய்வரும். மூடிய கைகளை நான் அளக்கவில்லை. மோதிரம் தேடப் போகிறவர்கள் கையை மூடிக்கொண்டு எதற்கு உள்ளே போகவேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அங்கேதான் தவறினேன். "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று தனேஷ் சொன்னதும் அத்தானின் கை போனது, அதை உரசிக்கொண்டு மலரின் கை போனது, தேடுகிற சத்தமே இல்லை, இரண்டு நொடியில் இரண்டு பேரும் வெளியே இழுத்தார்கள். உள்ளே முன்பின்னாகப் போன கைகள் வெளியே ஒன்றாக வரப்பார்த்தன. முதலில் வருவதுதான் வெற்றி என்பதால் யாரும் வழிவிடவில்லை. இழுக்க இழுக்க வளையல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கை வீங்கி, இரண்டுமே உண்மையிலேயே மாட்டிக்கொண்டன. உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "விடாத மாப்ள!" என்றார். எங்கள் பக்கத்திலிருந்து பெரியம்மாவே, "மலரு, உயிரே போனாலும் கைய தொறக்காத!" என்றார். நல்லெண்ணெய் ஊற்றினோம். பாத்திரம் கழுவுகிற சோப்பு ஊற்றினோம். நாதஸ்வரக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் மங்களமே வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தனேஷ் பொம்பாவுக்கு போன் போட்டார்.

தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் விரலிலிருந்து எத்தனையோ மோதிரங்களை வெட்டி எடுத்தவராம். குடத்திலிருந்து மணமக்களை எடுத்ததில்லை. வெட்டும் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நீங்கள் பாய்ந்து குடத்தைக் கட்டிப்பிடித்தீர்கள். "ஐயோ, இது எங்கம்மா எனக்கு சீரு குடுத்த கொடம்! வெட்டாதீங்க!"

"அப்ப என் கைய வெட்டிக்கட்டுமாம்மா?" என்று அத்தான் கேட்டார்.

மூத்தவர் இருவரையும் பார்த்து, "லெப்பாஸ்" என்றார். விட்டுவிடச் சொல்கிறார் என்று இருவருக்கும் புரிந்தது. இருவரும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்கள். அப்போதுதான் மலர் அத்தானின் காதில் ஏதோ சொன்னாள். குடத்தின் பக்கத்தில் குந்தியிருந்த எனக்குக் கேட்டது. "நான் கையிலயே ஒன்னு கொண்டாந்தேன்." அத்தான் அவளை வெறித்துப் பார்த்தார். "நீயுமா?" என்றார். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிக்கும்போது கை தளர்ந்தது. உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம், அடுத்து இன்னொன்று. இரண்டு கைகளும் வெண்ணெயில் போய்வந்ததுபோல் வந்துவிட்டன.

நீங்கள் கையை விட்டுத் துழாவி இரண்டு மோதிரங்களை எடுத்தீர்கள். ஒன்று நீலக்கல் வைத்தது. நிச்சயத்தன்று நீங்கள் மாட்டுக்குப் புல் போட்ட விரலில் அது இருந்தது என்பதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. மற்றொன்றில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. மலருக்குப் பெரியம்மா செய்து போட்டது. பதினெட்டுப் பேரை வைத்து நான் சோதித்த விளையாட்டில், இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு மோதிரத்தை முன்கூட்டியே கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்! என் மோதிரம் மூன்றாவது. அதைத் தேடுவதற்குள், "நல்ல காரியத் தண்ணிய மண்டபத்துல கொட்டக்கூடாது" என்று குடத்தின் வாயைத் துணியால் கட்டிக் காரில் ஏற்றிவிட்டீர்கள்.

நான் ஆதாரமில்லாமல் பேசுகிறவள் இல்லை. படம் எடுத்தவரிடம் காணொளியை வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் என் கை மஞ்சள் தண்ணீருக்குள் போவதும், வெறுங்கையாக வெளியே வருவதும் தெளிவாக இருக்கிறது. ஆகவே மோதிரம் குடத்துக்குள்தான் போனது, குடம் காஜாங்குக்குத்தான் வந்தது. யாரும் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குடத்தின் அடியில் ஒரு நெளிவு இருக்கிறது; அங்கே சிக்கியிருக்கலாம். தயவுசெய்து நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். கிடைத்ததும் பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மலர் எந்த வீட்டு முறுக்கு என்று கேட்கமாட்டாள்.

மாமா வலியில்லாமல் படி ஏறவும், உங்கள் இருவருக்கும் நல்ல உறக்கம் வரவும், வீடு நிறையச் சிரிப்பு இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் மரியாதையுடன்,
ஷாமினி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தபால்தலை தேடிக் கல்யாணத்துக்குக் கொண்டுபோன கைப்பையைத் திறந்தேன். உள்பையில், ஆட்ட விதிகளை எழுதிய தாளுக்குள், மெல்லிய தாளில் சுற்றியபடி நெளி மோதிரம் இருக்கிறது. காணொளியில் என் கை உள்ளே போனது மஞ்சள் கரைந்ததா என்று பார்க்க. போகும்போதும் வெறுங்கைதான். குடத்தில் நான் போட்டது ஒன்று இல்லை, ஒன்றுமே இல்லை. கழுத்தை அளந்தேன், வளையலை எண்ணினேன், மோதிரத்தைப் போட மறந்துவிட்டேன். யாராலும் ஜெயிக்கவே முடியாத ஒரு விளையாட்டை நடத்திவிட்டு நேர்மை பேசியிருக்கிறேன். நீங்களும் பெரியம்மாவும் ஏமாற்றியிருக்காவிட்டால் மணமக்கள் இன்னும் துழாவிக்கொண்டிருப்பார்கள். தவறு ஆடியவர்களுடையது அல்ல, குடத்துடையதும் அல்ல, நடத்தியவளுடையது. மன்னித்துவிடுங்கள். மேலே எழுதியதை அழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

பெட்டாலிங் ஜெயா நிறுவனத்துக்கும், எடுத்துக்காட்டில் மோதிரம் இல்லை என்று திருத்தம் எழுதினேன். செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று கிள்ளானுக்கு வந்து மோதிரத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்; இந்தக் கடைசி வரிகளை அவர் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன். எம் எழுத்து வருகிற இடத்தை அடிக்கப் பேனா கேட்டார், நான் கொடுக்கவில்லை. பிறகு மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு, கடிதத்தைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டார். உங்களையும் மாமாவையும் சேர்த்துத் தீபாவளிக்கு அழைக்க, நாளைக் காலை பத்து மணி ரயிலில் காஜாங் வருகிறார்; நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் எதிரில்தான் இருப்பார்.