பச்சைக் குஞ்சின் முதல் முட்டை

கோழிக்குஞ்சுப் பெட்டியைத் திறந்து காட்டி, "அத்தனையும் பொட்டை, என் பிள்ளை மேல சத்தியம்" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனவனே, உன்னைத்தான் சொல்கிறேன். நீ செய்தது அப்பட்டமான மோசடி. உன்னை நரி என்றால் நரிக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஒரு காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். பேரம் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சந்தையில் நரி அவளிடம் ஒரு பச்சை நிறக் குஞ்சை நீட்டியது.

"சீமை இனம், அக்கா. பச்சைக் குஞ்சு, பச்சை முட்டை போடும். ரெண்டு தேனடை கொடு."

"ஒன்னுதான். இஷ்டம்னா கொடு, இல்லாட்டி நடையைக் கட்டு."

"சரி, உனக்காக."

பாதி விலைக்கு முடித்த பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் குஞ்சு மெல்லச் சொன்னது: "அம்மா, நான் சேவல்."

"நேத்துப் பொரிச்ச நீ எனக்குச் சொல்லித் தர்றியா? பேசாம வா."

மறுநாள் மழை. பச்சை கரைந்து ஓடியது. அடியில் வெள்ளை! பதறிப்போன சடைச்சி, படம் எடுத்து 'கோழி அறிவோம்' வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

"நாட்டுக்கோழிதான், பெருவிடை இனம்" என்றது மான். "கால் மஞ்சள், அப்ப கின்னிக்கோழி" என்றது ஆந்தை. "கொக்கு மாதிரி இருக்கே" என்றது குரங்கு. கடைசியில் குழுத் தலைவர் புலியே நேரில் வந்து, குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"மலைநாட்டு வெண்விடை. பொட்டை. நான் சொன்னா சொன்னதுதான். முதல் முட்டை எனக்கு. தீபாவளிக்குள்ள முட்டை வரலைன்னா, கோழியே எனக்கு."

குஞ்சு சடைச்சியின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

நாள் போகப் போகக் கொண்டை சிவந்தது. வால் வளைந்தது. ஒரு விடியலில், அடக்க முடியாமல், "கொக்கரக்கோ!" என்று கூவியேவிட்டது.

"முட்டை வர்ற நேரம், பொட்டை கேரிக் கத்துது!" என்று சடைச்சி ஓடினாள். ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் இடித்துப் போட்டாள். கூடையில் வைக்கோல் பரப்பி, நடுவில் உருண்டையாக ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தாள். ஒரு முட்டையைக் கண்டால் கோழிக்குத் தானும் இட ஆசை வருமாம். கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

தீபாவளியும் வந்தது. புலி, உப்பும் மிளகும் கையோடு கொண்டுவந்தார்.

"எங்கேம்மா முட்டை?"

சேவல் கூடைக்குள் பாய்ந்தது. கண்ணை மூடி முக்கியது. முனகியது. பிறகு எழுந்து, பெட்டைக் குரலில் கொக்கரித்தது. "ஐயா, சூடா இருக்கு. எடுத்துக்கங்க."

சடைச்சி பார்த்தாள். தான் வைத்த கல். வாயைத் திறந்தாள். 'சடைச்சியையே நரி ஏமாத்திட்டானாம்' என்று சந்தை முழுக்கச் சிரிக்குமே! வாயை மூடிக்கொண்டாள்.

புலி, குழுவினர் எல்லோரும் பார்க்க, வீடியோ காலில் நின்று அந்த 'முட்டை'யைக் கடித்தார். கடக்! கோரைப்பல் ஒன்று தெறித்து விழுந்தது.

"தலைவரே, எப்படி இருக்கு?" என்று போனுக்குள்ளிருந்து மான் கேட்டது.

புலி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "அடேயப்பா, ஓடு என்ன கெட்டி! நான் அப்பவே சொல்லலை, வெண்விடைன்னு? மஞ்சக்கருதான் கொஞ்சம் வறண்டிருக்கு."

அன்றிலிருந்து அந்தக் காட்டில் நிஜ முட்டை இடும் கோழிகளுக்கு மரியாதை இல்லை. "தொட்டாலே உடையுது, போலி" என்று விரட்டுகிறார்கள். சேவலோ கூடையிலேயே உட்கார்ந்து ராஜாவாகக் கூவுகிறது. நரி பச்சைக் குஞ்சுகளைப் பேரமே இல்லாமல் விற்கிறது.

நீதி: வாங்கியவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் வரை, சேவலும் முட்டையிடும். எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. என் வீட்டுக் கூடையில் ஒருவன் இப்போதும் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்கிறான். சாக்குப்போக்குச் சொல்லாமல் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு, ஒழுங்காக ஒரு பொட்டையைக் கொடுத்துவிட்டுப் போ. முடியாதென்றால், அவனை இறக்கிவிட்டுக் கூடையைக் காலியாக வைக்கிறேன். நீயே உட்கார்ந்து முட்டையிடு!