மூத்த டிஸ்குக்கு முன்னுரிமை

அரசுப் பணி விதிகள் ஹார்டு டிஸ்குகளுக்கும் பொருந்தும் என்பது, தேனியில் நில ஆவணங்களைப் பாதுகாக்கும் அலுவலகம் ஒன்றில் 2009ஆம் ஆண்டு உறுதி செய்யப்பட்டது. உறுதி செய்தவர் கண்காணிப்பாளர் வைகுண்டராஜ். அனுபவித்தவள் ஒப்பந்த ஊழியராகக் கம்ப்யூட்டர் பார்த்த நாகஜோதி.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் இரண்டு யூஎஸ்பி டிஸ்குகளைச் செருகி ரெய்டு போட்டு வைத்திருந்தாள் அவள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் ஏறும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும்.

"ரெய்டா? யாரு வர்றாக? எப்ப?" வைகுண்டராஜின் கை தானாகவே மேஜை டிராயரைப் பூட்டியது.

"யாரும் வரல சார். இந்த ஏற்பாட்டுக்குப் பேரே அதான். ரெண்டுலயும் ஒண்ணே இருக்கும்."

"ஒண்ணே இருக்கறதுக்கு எதுக்கும்மா ரெண்டு? தணிக்கையில கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"

பழைய டிஸ்கை அவரே உருவி, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டினார். புதியது ஒற்றையாளாக உழைத்தது. பட்டா மாறுதல்கள் மூன்று மாதம் அதில் மட்டும் ஏறின. கூட்டுகிற அம்மாவின் விளக்குமாறு வயரில் பட்டுவிடுமோ என்று நாகஜோதி தினமும் பயந்தாள்.

ஒருநாள் வைகுண்டராஜ் திரையை எட்டிப் பார்த்தார்.

"டீகிரேடட்னு வருதே, என்னது?"

"ஒரு டிஸ்க் இல்லாததால தரம் குறைஞ்சிருச்சுன்னு சொல்லுது சார்."

"பதவி இறக்கமா? மெமோ இல்ல, விளக்கம் கேக்கல, விசாரணை இல்ல. யாரக் கேட்டு இறக்குச்சு? கோர்ட்டுல நிக்காதும்மா! உடனே பழைய நிலைக்குக் கொண்டா."

நாகஜோதிக்கு உயிர் வந்தது. "பீரோவுல இருக்கறதக் குடுங்க சார். புதுசுல உள்ளத அதுக்கு ஏத்திருவோம்."

"எது எப்ப வாங்குனது?"

"பழசு 2006. இது 2008."

"சீனியர், ஜூனியரப் பாத்து காப்பி அடிக்கணுமா? சீனியர்ல இருந்துதான் ஜூனியருக்கு வரணும்."

"சார், சீனியர் மூணு மாசமா பீரோவுக்குள்ள கெடந்தாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது!"

"ஒண்ணும் தெரியாததுக்கும் பணி மூப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?"

வேறொரு டிஸ்கில் நகல் எடுக்கவாவது அனுமதி கேட்டாள். 'மூன்றாவது நகல் ஏற்புடையதன்று' என்று குறிப்பு வந்தது. எழுத்தில் உத்தரவு கேட்டாள். அதுவும் முத்திரையோடு வந்தது. அதற்குமேல் கேட்க அவளிடம் ஒன்றும் இல்லை. கட்டளையைத் தட்டினாள். பழையதில் இருந்தது புதியதன்மேல் ஆறு மணி நேரம் ஏறியது. சதவீதம் ஏற ஏற, மூன்று மாதம் கரைந்துகொண்டே வந்தது. நூறு ஆனதும், "இப்ப பாரு, ரெண்டும் சமம்" என்று வைகுண்டராஜ் மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை ஜன்னலுக்கு வெளியே கூட்டம். முதல் ஆளாக நின்றார் காமயகவுண்டன்பட்டி ஒச்சாண்டி.

"ஏ தாயி, நான் வாங்குன திராட்சத் தோட்டம் வித்தவன் பேர்லயே இருக்கே! போன மாசம் என் பேருக்கு மாத்தித் தந்தீகளே, அது எங்கன போச்சு?"

நாகஜோதி காகிதக் கட்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். "அழிஞ்சு போச்சுங்கய்யா. ஆனா எல்லாத்துக்கும் காகிதம் இருக்கு. மூணு மாசத்தையும் மொத்தமாத் திரும்ப ஏத்துங்கன்னு நீங்க ஒரு மனு எழுதிக் குடுத்தாப் போதும். நீங்க தென்னந்தோப்ப வித்ததும்கூட அழிஞ்சுதான் கெடக்கு. அதையும் சேத்துச் சரிபண்ணிரலாம்."

"தோப்பு இப்ப யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான்."

ஒச்சாண்டி சட்டென்று குரலை இறக்கினார். ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைத்தார்.

"ஆத்தா, திராட்சத் தோட்டத்த மட்டும் மாத்திக் குடு. தோப்பு அதுபாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது. அதுக்கென்ன இப்ப அவசரம்?"

அவர் பின்னால் நின்ற எண்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து குரலை இறக்கினார்கள். மூன்று மாதத்தையும் முழுதாகத் திரும்ப ஏற்றச் சொல்லி அன்று ஒரு மனுகூட வரவில்லை.