மேட்டுத் தெருவின் கெஜட் அக்கா

எங்கள் ஊர் நகராட்சியில் என்ன நடந்தாலும், நகராட்சித் தலைவருக்குத் தெரிவதற்கு முன்னால் கெஜட் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை கமிஷனருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனால், அந்த அம்மா பாதிப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாராம். “மீன்காரம்மா காலையிலேயே சொல்லிட்டுப் போயிட்டாங்களே, உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?” என்று கேட்டாராம்.

அரசாங்க அறிவிப்புகள் வருகிற கெஜட்டின் பெயரை ஊர் வைத்ததே தவிர, அக்காவுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது, எந்தக் கட்சியிலும் இல்லை. தலையில் அலுமினிய அன்னக்கூடையை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்றவர். பிறந்தது அதிராம்பட்டினம் பக்கத்துக் கடலோரம். அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய ஒருவரைக் கல்யாணம் செய்து எங்கள் ஊருக்கு வந்தார். கணவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். வீடு மேட்டுத் தெருவின் கடைசியில். நானும் அந்தத் தெருவில்தான் வாடகைக்கு இருந்தேன். பெயர்தான் மேட்டுத் தெரு. ஊரிலேயே பள்ளமான இடம் அதுதான். யார் எந்தக் கோபத்தில் வைத்த பெயரோ தெரியாது.

அவர் கூவுவதைக் கேட்கவேண்டும். “மத்தீ... கிழங்கா... சங்கரா... வெள்ளிக்கிழமை தண்ணி வராது... காரப்பொடீ... சொத்து வரிக்கு முப்பதாந்தேதி கடைசீ...” மீன் எங்கே முடிகிறது, நகராட்சி எங்கே தொடங்குகிறது என்று கவனமாகக் காதுகொடுக்க வேண்டும். புதிதாகக் குடிவந்த பேங்க் மானேஜர் ஒருவர், “சொத்து வரியில ஒரு கூறு போடும்மா” என்று கேட்டதாக எதிர்வீட்டில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. ஆனால் ஊர் முழுக்கப் பரப்பியது நான்தான்.

செய்தி எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியமே இல்லை. ஓவர்சியர் வீடு, சுகாதார ஆய்வாளர் வீடு, கமிஷனரின் ஜீப் டிரைவர் வீடு எல்லாம் அவருடைய வாடிக்கை. கொல்லையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து செதில் எடுப்பார். மீன் ஆய்கிறவர் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேச யாருக்கும் தோன்றுவதில்லை. “ஒரு கிலோ சங்கரா ஆஞ்சா ஒரு டெண்டர் தெரியும் தம்பி. இறால்னா உரிச்சு முடிக்கிறதுக்குள்ள மொத்த கவுன்சில் கூட்டமும் காதுல விழுந்துடும்” என்பார்.

என்னிடம் இதைச் சொல்லக் காரணம் இருந்தது. நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். மோட்டார் சைக்கிளில் ‘பிரஸ்’ என்று ஒட்டியிருந்ததைத் தவிர எனக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை. என் பெயரில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை அக்கா என் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனவைதான்.

செய்தி சொல்வதோடு விட்டிருந்தால் அவரை ஊர் கொண்டாடியிருக்கும். அவருக்கு அது போதவில்லை. தெரு விளக்கு எரியாவிட்டால், நகராட்சிப் புகார் எண்ணுக்குப் போன் போட்டவர்களுக்குத்தான் மீன். “முதல்ல போனைப் போடும்மா, அப்புறம் கிழங்கா எடுக்கிறேன்” என்று கூடைக்கு மேல் ஈரச்சாக்கை இழுத்து மூடிவிடுவார். அடுப்பில் புளி கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பெண்கள் நகராட்சிக்குப் புகார் கொடுத்த ஒரே தெரு தமிழ்நாட்டிலேயே எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் விளக்கு எரிந்ததா? இல்லை. ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று போனில் செய்தி வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியதும் கூடையோடு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

“சார், விளக்கு எரியுதுன்னு போன்ல வந்திருக்கு. தெருவுல இருட்டா இருக்கு. போனைக் கொண்டுபோய்க் கம்பத்துல கட்டிடலாமா?”

எழுத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: “சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிடுச்சும்மா. க்ளோஸ் ஆனதை நான் எப்படி ஓபன் பண்றது? புதுசா ஒரு புகார் கொடுங்க.”

புதிதாகக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. மறுபடி கொடுத்தார். மறுபடியும் தீர்ந்தது. எட்டு முறை தீர்க்கப்பட்ட அந்த விளக்கு நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை எரியவில்லை.

ஒருநாள் அக்கா தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வந்தார். “மேட்டுத் தெருவுக்குக் கல்வெட்டு சாங்ஷன் ஆயிடுச்சூ...”

எங்கள் பக்கத்தில் சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டுகிற சின்னப் பாலத்துக்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். தெருக் கடைசியில் மழைத் தண்ணீர் போகிற வடிகால், ரோட்டைக் கடக்கிற இடத்தில் இடிந்துபோய்ப் பல வருஷம். அங்கே பாலம் வந்தால் இனி ஐப்பசியில் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தவேண்டாம். அன்று அக்கா வீட்டுக்கு வீடு இரண்டு மீன் அதிகம் போட்டார்.

சொன்னபடி கல்வெட்டு வந்தது. கருப்புக் கிரானைட்டில், தங்க எழுத்தில், பதினேழு பெயர்களோடு. திரை விலக்கி, கைதட்டி, கேசரி கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு அக்கா அதன் முன்னால் நின்று, “இவ்வளவு பேர் இருக்காங்களே தம்பி, இதுல தண்ணி எந்தப் பக்கமாப் போகும்?” என்று கேட்டார்.

மறுவாரம் காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து, வேலை செய்ய வசதியாக வடிகாலின் குறுக்கே மண்ணைக் கொட்டி அணை மாதிரி அடைத்தார்கள். அதோடு போனவர்கள்தான். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஓவர்சியர் வீட்டுக் கொல்லையில் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. காண்ட்ராக்டர் வேறு ஊரில் பெரிய வேலை எடுத்திருக்கிறார், பொங்கலுக்கு முன்னால் இந்தப் பக்கம் வரமாட்டார்.

அன்று கூடையில் மீன் இருந்ததா என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. “வடிகாலை அடைச்சுட்டுப் போயிட்டாங்க... மழைக்கு முன்னாடி திறக்கச் சொல்லுங்க...” என்று மட்டும் கூவிக்கொண்டே போனார். ஜன்னல்கள் திறந்தன. “அக்கா, நெத்திலி இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க!” ஜன்னல்கள் மூடின.

என் வாசலுக்கு வந்தார். “தம்பி, இதைப் பேப்பர்ல போடுங்க. பெரிசா வேணாம், ஒரு மூலையில போட்டாப் போதும்.”

போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தீபாவளி மலரில் முழுப்பக்க வாழ்த்து கொடுத்திருந்தவர் அந்தக் காண்ட்ராக்டர். விளம்பரம் வாங்கிக் கொடுத்தது நான். “தீபாவளி முடியட்டும்க்கா. முடிஞ்ச மறுநாளே போட்டுடறேன்.”

“மழைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மழை பிடித்தது. ஒருநாள் விடாமல் பெய்து, மறுநாள் விடிந்தபோது என் வீட்டில் முழங்கால் அளவு. தெருக் கடைசியில் அக்கா வீட்டில் இடுப்பளவு. அரிசிப் பானை மிதந்தது. முறுக்குச் சுட மாவு அரைத்து வைத்திருந்த வீடுகளில் பெண்கள் மாவுத் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தெரு வாட்ஸப் குழுவில் எல்லோரும் கவுன்சிலருக்குப் படம் அனுப்பினோம். அவர் கும்பிடுகிற கை ஒன்றையும் மத்தாப்பு ஒன்றையும் திருப்பி அனுப்பினார்.

அக்கா ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். “யாராச்சும் மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாங்கப்பா. நாலு பேர் சேந்தா பத்து நிமிஷ வேலை.”

“நகராட்சி போட்ட மண்ணுக்கா. கை வச்சா கேஸாயிடும்” என்றார் எதிர்வீட்டுக்காரர். மற்ற ஆண்கள் ஆமாம் என்றோம்.

அக்கா எதிர்வீட்டு மண்வெட்டியையே எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார். நாங்களும் போனோம், பார்ப்பதற்கு. அவர் வெட்டினார். நான் குடை பிடித்தேன். அதுவும் எனக்குத்தான்.

எங்கே கொத்தினால் மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மண் சரிந்தது. தெருவில் நின்ற தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது. நாங்கள் கைதட்டினோம். வீடியோ எடுத்தோம். ‘எங்கள் வீரமங்கை’ என்று எழுதிக் குழுவில் போட்டோம்.

எட்டுப் புகார்களுக்கு அசையாத நகராட்சி அந்த வீடியோவுக்கு மூன்றே நாளில் அசைந்தது. பொதுப்பணியைச் சேதப்படுத்தியதாக அக்காவுக்கு நோட்டீஸ். விசாரிக்க வந்தவர் அதே ஓவர்சியர். அக்கா ஆய்ந்து கொடுத்த மீனைப் பல வருஷம் சாப்பிட்ட மனிதர், அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமலே வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு போனார். உடைக்கிற அளவுக்கு வெள்ளம் இருந்ததா?

“தண்ணி வந்துச்சுங்க... பெரிசா ஒண்ணும் இல்லீங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருடைய மாடிக்கு அப்ரூவல் நிலுவையில் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று நிலுவையில் இருந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, ஓவர்சியர் என் வாசலை அடைந்தபோது ஏறக்குறைய வறட்சி நிலவியது. நான், “அன்னிக்கு நான் வெளியூர்ல இருந்தேன் சார்” என்றேன். வீடியோவில் குடைக்குக் கீழே நிற்பது யார் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இதோடு முடிந்திருந்தால்கூட இன்று நான் கொஞ்சம் தலைநிமிர்ந்து எழுதியிருப்பேன். அந்த வாரம் நகராட்சியிலிருந்து எனக்கு ஒரு செய்திக் குறிப்பு வந்தது. வழக்கம்போல் இரண்டு வார்த்தைகளை மாற்றி அனுப்பிவிட்டேன். மறுநாள் அக்கா பேப்பரோடு என் வாசலுக்கு வந்தார்.

“நம்ம தெரு பேரு வந்திருக்காமே. படிங்க தம்பி.”

தப்பிக்க வழியில்லை. படித்தேன். “மேட்டுத் தெருவில் தேங்கிய மழைநீர், நகராட்சியின் துரித நடவடிக்கையால் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டது...”

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். “ஒரு மணி நேரம்னு கரெக்டாப் போட்டிருக்கீங்க” என்றார்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே மெச்சிச் சொன்னார்.

அதற்குப் பிறகும் சில வாரம் தெருவில் வந்தார். மத்தி, கிழங்கா, சங்கரா என்று கூவினார். மீன் பெயர்கள் மட்டும். நாங்கள் கதவோரம் நின்று காத்திருப்போம். வேறு எதுவும் வராது. எங்களுக்குத் தண்ணீர் வராத நாள் தெரியாமல் போயிற்று, குடங்கள் காலியாகக் கிடந்தன. யாரும் அவரைப் பார்த்து, ஏன்க்கா, என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். தை மாதம் அந்த நோட்டீஸைக் காரணம் காட்டி, நகராட்சியில் அவருடைய தெரு வியாபாரி அட்டையைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு கடலோரத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். எந்தப் பஸ்ஸில் போனார் என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

காண்ட்ராக்டர் வந்தார். உடைத்த இடத்தில் மறுபடியும் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார். பாலம் இன்றுவரை இல்லை.

நானும் நிருபர் வேலையை விட்டு ஊர் மாறினேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது, அதிராம்பட்டினத்துக்கு வெளியே ஒரு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். நரைத்துச் சிறுத்துப் போயிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“பேப்பர் தம்பிதானே? நல்லா இருக்கீங்களா? மேட்டுத் தெருவுல இன்னும் தண்ணி நிக்குதா?”

“நிக்குதாம்க்கா.”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ஓரமாப் போகச் சொல்லுங்க. அந்த வளைவுல குழி ஒண்ணு இருக்கு.”

நான் பல நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன். “அக்கா, அன்னைக்கு நான்...” என்று தொடங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது.

“அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. ஒரு கை குடுங்க” என்று தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு குனிந்தார்.

கூடையைத் தூக்கினேன். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. தூக்கும்போது சரிந்து, மீன் தண்ணீர் என் பட்டுச் சட்டை முழுக்க வழிந்தது. அப்படியே போய்க் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். பையில் மாற்றுச் சட்டை இருந்தது. நான் மாற்றவில்லை.