ஒரு நாளைக்கு ஓர் எழுத்து

"உங்கள் பிரவுசர் மிகவும் பழையது. வேறு பிரவுசரில் முயலவும்" என்று திரை மறுபடியும் சொன்னது. லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானுந்தான் பழசு. என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்களா?" என்று திரையிடமே கேட்டார்.

பதிலுக்குப் போன் அடித்தது. அலுவலக மேற்பார்வையாளர்.

"அண்ணே, இன்னைக்குப் பார்த்த லிஃப்டுக்கு எதுக்குமே ரிப்போர்ட் வரலையே?"

"நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் போச்சு தம்பி. இன்னைக்கு உங்க வெப்சைட் என் பிரவுசரைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குது."

"வெப்சைட்டைப் புதுசா மாத்தியாச்சுண்ணே. வேற பிரவுசர் போட்டுக்கங்க. உலகத்துல பிரவுசருக்கா பஞ்சம்? ரிப்போர்ட் வரலைன்னா நீங்க வேலைக்கே வரலைன்னு எழுதிடுவாங்க."

பிரவுசருக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் அவருடைய மனைவியுடையது. திரையின் மூலையில் பச்சை இலை மாதிரி இருக்கும் இந்தப் பிரவுசரும் அவளுடையது. அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

கம்ப்யூட்டருக்குள் படித்த மனிதர் யாரோ உட்கார்ந்துகொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறார் என்பது அவள் எண்ணம். அதனால் எதைத் தேடினாலும் மரியாதையாகத்தான் தேடுவாள். 'வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை போக என்ன செய்யலாம், சிரமத்துக்கு மன்னிக்கவும், நன்றி' என்று முழுசாக எழுதி முடித்துவிட்டுத்தான் பட்டனை அமுக்குவாள். பதில் உடனே வந்துவிட்டால், "பாவம், சாப்பிடாமக்கூட உக்காந்திருக்கார் போல" என்பாள்.

அவள் போன பிறகு ஒரு நாள், ஏதோ முகவரி தேடப் போய், அவர் இலையின் தேடும் பெட்டியில் 'க' என்று அடித்தார். பெட்டிக்குக் கீழே வரிசையாக வந்து நின்றன, அவள் எப்போதோ கேட்ட கேள்விகள். 'கணவர் விடும் குறட்டையை அவருக்குத் தெரியாமல் நிறுத்த வழி உண்டா, சிரமத்துக்கு மன்னிக்கவும், நன்றி.' அவர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஒரு நாளைக்கு ஓர் எழுத்து அடிப்பார். அதற்கு மேல் ஆசைப்பட மாட்டார். தீர்ந்துவிடுமோ என்று பயம். 'லி' அடித்த அன்றைக்கு, 'லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்' என்று வந்தது. "கட்டின புருஷன் லிஃப்ட் மெக்கானிக். என்னைக் கேக்காம ஊர்ல எவனையோ கேட்டிருக்கா பாரு" என்று இரண்டு நாள் அவளோடு மனசுக்குள் சண்டை பிடித்தார். 'மு' அடித்தபோது, முழங்கால் வலிக்கு வெந்நீரா ஐஸா என்று கேட்டிருந்தாள். அவருக்கு முழங்கால் வலி வந்ததே இந்த வருடம்தான். முன்யோசனைக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

பயந்தபடி எதுவும் தீரவும் இல்லை. இவ்வளவு சந்தேகங்களை மனசில் வைத்துக்கொண்டிருந்தவளிடம், ஒரு நாளாவது என்னம்மா என்று கேட்டோமா என்பதுதான் அவரை அரித்தது.

அதனால்தான் இலையை மாற்ற அவர் துணியவில்லை. ஆனால் வேலை போனால் சோறு? மேல்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரைக் கூப்பிட்டார். ஆசிரியர் வந்து, யாரும் கேட்காமலே கால் மணி நேரம் பிரவுசர்களின் குணநலன்களை விளக்கிவிட்டு, கப்பல் படம் போட்ட ஒன்றை இறக்கினார்.

"இதுதான் நம்பர் ஒண்ணு. ஆனை மாதிரி கனம், ஆனா குதிரை மாதிரி ஓடும்."

"பழையது பாட்டுக்கு ஓரமா இருக்கும்ல சார்?"

"இருக்கட்டுமே, யாரு வேண்டாங்கறா?"

கப்பல் திறந்ததும், 'இனி எல்லாவற்றுக்கும் என்னையே பயன்படுத்தட்டுமா' என்று கேட்டது. வந்ததும் வராததுமாக முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டாமே என்று அவர் 'சரி' அமுக்கினார். இலை மூலையிலிருந்து காணாமல் போனது. அவர் "ஐயோ!" என்று அலறிவிட்டார்.

சமையலறையிலிருந்து மருமகள் ஓடிவந்தாள். வேறெங்கோ ஒளிந்திருந்த இலையைத் தேடிப் பிடித்து, பழைய மூலையிலேயே கொண்டுவந்து வைத்தாள்.

"இதுக்கு மேல எதையும் போட வேண்டாம் மாமா. ரிப்போர்ட்டை என் போன்லயே அனுப்பிக்கலாம்" என்றாள்.

"நீ உன் வேலையைப் பாரும்மா" என்றார் அவர்.

மருமகளிடம் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மகன் பேக்கரி வேலைக்கு விடியலிலேயே போய்விடுவான். அவளுக்கு மருந்துக்கடையில் மாலை வேலை. ஒருநாள் காலை, மறந்துபோன ஸ்பானரை எடுக்க அவர் திரும்பி வந்தபோது, இவள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "தூசி தட்டினேன் மாமா" என்றாள். அத்தையின் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்று அவர் சத்தம் போட்டார். இவளுக்கென்ன, பெற்ற தாயா போனாள், மாமியார்தானே என்று கசப்பாக நினைத்தார். அதற்குப் பிறகு அவளோடு அளந்துதான் பேசினார்.

கப்பலில் ரிப்போர்ட் போனது. ஆனால் கப்பலுக்கு ஞாபகசக்தி அதிகம். முதல் கட்டடத்தில் கதவு சரியாக மூடாத லிஃப்டுக்கு 'உடனே நிறுத்தவும்' என்று அவர் நிரப்பியதை மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்தடுத்த கட்டடங்களுக்கும் தானாகவே அதையே நிரப்பிவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'அனுப்பு' அமுக்கியிருந்தார்.

மறுநாள் ஊரில் பாதி லிஃப்ட் நின்றுவிட்டது. போன இடத்திலெல்லாம் படியேறி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினார்கள். திட்டு வாங்கவும் அவர் படியேறித்தான் போகவேண்டியிருந்தது. முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

அன்று மாலை மகன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"கப்பலை எவன்ப்பா இன்னும் வச்சிருக்கான்? நட்சத்திரம்தான் இப்ப எல்லாரும் போடறாங்க. வேகம்னா அப்படி ஒரு வேகம்."

நட்சத்திரம் உண்மையிலேயே வேகம். ரிப்போர்ட்டை அவர் ஒருமுறை அமுக்குவதற்குள் இரண்டுமுறை அனுப்பியது. 'பழைய பிரவுசரில் இருப்பதையெல்லாம் நான் எடுத்துக்கொள்ளட்டுமா' என்றும் கேட்டது.

"வேண்டாம்!" என்று அவர் வாய்விட்டே கத்தினார். "அவளோடதை நீ ஏன் எடுக்கறே?"

மகன் அவர் தோளில் கை வைத்தான். பிறகு 'வேண்டாம்' என்பதை அவனே அமுக்கினான்.

மூன்று பிரவுசரைச் சுமந்த கம்ப்யூட்டர் முக்கி முனகத் தொடங்கியது. இலை திறப்பதற்குள் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடலாம் என்றாயிற்று. அவர் மேற்பார்வையாளரிடமே போனில் புலம்பினார்.

"அண்ணே, வண்ணத்துப்பூச்சின்னு ஒண்ணு இருக்கு. சுத்த சைவம். எந்தத் தடத்தையும் வச்சுக்காது. மத்ததுங்க போட்ட குப்பையையும் சேர்த்துப் பெருக்கிடும். அதைப் போடுங்க, பறக்கும்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். வண்ணத்துப்பூச்சி சிறகடித்துக்கொண்டே திரைக்கு வந்து, 'பழைய தடங்களைச் சுத்தம் செய்யட்டுமா' என்று பணிவாகக் கேட்டது. கப்பலும் நட்சத்திரமும் போட்ட குப்பையைத்தான் கேட்கிறது என்று அவர் நினைத்தார்.

"மாமா, அதை அமுக்காதீங்க!" என்று மருமகள் வாசலிலிருந்து கத்தினாள். வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள்.

அவர் அமுக்கியிருந்தார்.

இலை பளிச்சென்று ஒரு நொடியில் திறந்தது. அவர் 'அ' அடித்தார். கீழே ஒன்றும் வரவில்லை. 'க' அடித்தார். 'மு' அடித்தார். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்ற கட்டுப்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, தெரிந்த எழுத்தையெல்லாம் அடித்துப் பார்த்தார். பெட்டி வெறுமையாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கையை விட்டபோதுகூட அவருக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"ரெண்டாந்தடவையா போயிட்டாம்மா" என்றார். "இந்தத் தடவை நானே அனுப்பி வச்சுட்டேன்."

மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெண்டு நாள் விட்டுப் பாருங்க மாமா. தானா வந்தாலும் வரும்."

"தானா வர்றதுக்கு அது என்ன தலைமுடியா?" என்று அவர் எரிந்து விழுந்தார். "ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன். எவ்வளவு ஆனாலும் சரி."

"கடைக்கெல்லாம் வேண்டாம் மாமா. கொஞ்சம் பொறுங்க, மெதுவா எல்லாம் வந்துடும்."

"உனக்கு அதோட அருமை தெரியாதும்மா. தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் காலை, அவரால் கால் ஊன்ற முடியவில்லை என்பதால், கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அவளே கூட வந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை அவர் கவனித்தார். உடைந்தால் திட்டுவேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தார்.

ரிப்பேர் கடைக்காரர் விஷயம் முழுவதையும் கேட்டார். "பொண்டாட்டி தேடின கேள்விக்காக யாரும் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்ததில்ல சார். சாதாரணமா அழிச்சுக் குடுக்கச் சொல்லித்தான் வருவாங்க" என்றார். மெக்கானிக் சிரிக்காததைப் பார்த்ததும் சட்டென்று வேலையில் இறங்கினார்.

உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. மருமகள் அதை அவருக்குத் தள்ளிவிட்டு, சுவரோரம் நின்றாள். கடைக்காரர் எதையெதையோ மாட்டினார், கழற்றினார், உச்சுக் கொட்டினார். ஒவ்வோர் உச்சுக்கும் மெக்கானிக் ஸ்டூலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். அவருடைய வேலையிலும் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றால் உள்ளே சிக்கியவர்களின் உறவினர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். அவர்களிடம் இன்னும் கொஞ்சம் ஆறுதலாகப் பேசியிருக்கலாம் என்று தோன்றியது.

மதியம் தாண்டியபின் கடைக்காரர் நிமிர்ந்தார்.

"கிடைச்சுடுச்சு சார்."

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம. இதோ பாருங்க, சிரமத்துக்கு மன்னிக்கவும், நன்றி."

மெக்கானிக்கின் கண் நிறைந்து, திரையே தெரியவில்லை. கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பிள்ளை குட்டியெல்லாம் நல்லா இருக்கணும்ப்பா. அவளே திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றவர், மருமகள் பக்கம் திரும்பி, "பார்த்தியாம்மா? தானா வரும்னு சும்மா இருந்திருந்தா வந்திருக்குமா?" என்றார்.

மருமகள் நிமிரவில்லை. புடவைத் தலைப்பின் நுனியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் திரையை உற்றுப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணுதான் புரியல சார். இந்தப் பிரவுசர் எதையுமே மூணு மாசத்துக்கு மேல ஞாபகம் வச்சுக்காது, பழசைத் தானா அழிச்சுடும். அம்மா போயி ஒன்றரை வருஷம்னு சொல்றீங்க. ஆனா இதுல பதிவான தேதியெல்லாம் இந்த மூணு மாசத்துக்குள்ளதான், நேரமெல்லாம் காலை பத்து மணிக்கு மேல... அப்ப தினமும் காலைல, நீங்க வேலைக்குப் போனப்புறம், அவங்களை மாதிரியே உக்காந்து இதையெல்லாம் டைப் பண்ணி வைக்கறது யாரு?"