விலாங்கின் அடையாளங்கள்

சல்லி, திருகோணமலை
12.06.1997

மதிப்புக்குரிய கனகசுந்தரம் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பாக்கியரத்தினம் பணிவுடன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முத்துமாரி அம்மன் துணை. நாங்களும் சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

அத்தான், நீங்கள் வேலை செய்யும் நூதனசாலையின் மீன் பகுதியில் என் தம்பி சின்னராசாவைப் பதிந்துவிட்டார்கள். தயவுசெய்து கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

துறைமுகத்தில் கடற்படை தண்ணீருக்குள் வெடி போட்ட மறுநாள், ஆழ்கடல் விலாங்கு ஒன்று கரையில் கிடந்தது. முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவன் சும்மா வருவேனா? போத்தலில் போட்டு, உங்கள் நூதனசாலைக்கு அனுப்ப அதன் அடையாளங்களை ஒரு துண்டில் எழுதினேன்: 'நிறம் கறுப்பு. உடல் மிக மெலிவு. கண் பெரிது. வாய் மூடாது. தொண்டைக்குக் கீழே ஒரு துவாரம்.' தாடைகள் நீண்ட அலகு போல இருந்து, நுனியில் மேலும் கீழுமாக விலகி வளைந்திருப்பதால் வாய் மூடாது. துவாரம் என்றது மலவாயை. இந்த இனத்துக்கு அது அங்கேதான், எழுத வெட்கமாயிருந்தது. கடலுக்குப் போய் நாற்பது நாளாக வராத தம்பியின் அடையாளங்களையும் அன்றே இன்னொரு துண்டில் எழுதினேன், அது காணாமற்போனோரைத் தேடும் கந்தோருக்கு. இங்கே கடிதங்களை உறை ஒட்டாமல்தான் இராணுவச் சென்றிக்குச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே காவலுக்கு நின்றவர் இரண்டு துண்டுகளையும் உறைகளிலிருந்து வெளியே எடுத்து, "மாஸ்டர், இது மீனா, ஆளா?" என்றார். "ஒண்டு மீன், மற்றது என்ர தம்பி" என்றேன். அவர் திரும்ப வைத்துத் தந்ததைப் பயத்தில் பார்க்காமலே ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

உங்கள் மீன் பகுதியின் பதில் வந்தது: 'ஐந்தடி ஆறங்குலம், இடது புருவத்தில் தழும்பு. அரிய மாதிரி. உடனே மதுசாரத்தில் இட்டு அனுப்பவும்.' துண்டுகள் உறை மாறிப் போயிருந்தன. தம்பி போன பிறகு அன்றுதான் சிரித்தேன், அத்தான். அடுத்த நாள் கந்தோரின் பதில்: 'நீங்கள் எழுதிய அடையாளங்கள் யாவும் பொருந்திய ஒருவர் கரையொதுங்கியுள்ளார். தொண்டைத் துவாரமும் உண்டு. வந்து பொறுப்பேற்கவும்.'

விலாங்கு என் மேசையில் போத்தலுக்குள் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே கிடப்பது யார்? எனக்குப் பயமாயிருக்கிறது. ஆனாலும் அது தம்பி அல்ல. கந்தோருக்குப் போன துண்டில் அவனுடைய அடையாளம் ஒன்றுகூட இல்லையே. அவன் வருவான். அவன் மனைவி அன்னலட்சுமிக்கு இதை நான் சொல்லவில்லை. நீங்களும் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அம்மன் உங்கள் வாசலைக் காப்பாள்.

இப்படிக்கு,
பாக்கியரத்தினம்

பி.கு.: ஒட்டாமல் வைத்திருந்த இந்தக் கடிதத்தை அன்னலட்சுமி வாசித்துவிட்டாள். போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாப்பது நாள் தண்ணிக்குள்ள கிடந்தா ஆரும் இப்பிடித்தான் இருப்பினம்" என்றாள். அவன் உடுக்கும் சேட்டையும் சாரத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போகிறேன். கோப்பிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம், அத்தான். உங்களிடம் வந்த துண்டில் அவன் ஐந்தடி ஆறங்குலமாக, தழும்போடு இருக்கிறான். அங்கேயாவது இருக்கட்டும்.