சுப்பராயலு கூட்டிய எதிர்ப்புக் கூட்டம்

முள்ளிப்பட்டு சுப்பராயலு ஒரு முடிவெடுத்தால் அதைத் தறிக்குழியிலிருந்து எழுந்து நின்றுதான் அறிவிப்பான். உட்கார்ந்தபடியே சொன்னால் இடுப்புக்கு மேலேதான் ஆள் தெரியும். முடிவும் பாதியாகத் தெரியும் என்பது அவன் எண்ணம். எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை அப்படித்தான் எழுந்து நின்றான்.

"சாணி கேஸு இந்த ஊருக்குள்ள வராது. நான் இருக்கிற வரைக்கும் வராது."

அடுப்படியிலிருந்த அவன் மனைவி ரேணுகாம்பாள் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணிரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. அவள் ஊதிய புகை கூடத்துக்கு வந்து, தறியில் ஏற்றியிருந்த வெள்ளைப் பட்டுப் பாவின்மேல் சாவகாசமாகப் படுத்தது. கல்யாணமான நாளிலிருந்து சுப்பராயலு அந்தப் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். ஆனாலும் அது பழகிய எதிரி. சாணி கேஸ் புது எதிரி.

விஷயம் இதுதான். ஒன்றிய ஆபீஸிலிருந்து அபிதகுசாம்பாள் என்ற கிராம சேவிகா அம்மா முந்தின நாள் வந்திருந்தாள். ஊர் மாட்டுச் சாணத்தையெல்லாம் ஒரே குழியில் கரைத்து ஊற்றினால், மேலே கவிழ்த்த இரும்பு டிரம்மில் வாயு சேரும். அது குழாய் வழியே வீட்டுக்கு வீடு போய் அடுப்பு எரிக்கும். புகையில்லை, விறகில்லை. அரசாங்கமே கட்டித் தரும். ஒரே ஒரு நிபந்தனை, மூன்று தெருவும் ஒரே சங்கமாகச் சேர்ந்து சம்மதிக்க வேண்டும். ஒரு தெரு விலகினாலும் திட்டம் பெரணமல்லூர்ப் பக்கம் போய்விடும்.

அங்கேதான் சிக்கல். தறித்தெருவில் தறி உண்டு, மாடு கிடையாது. மேட்டுத்தெருவில் மாடு உண்டு, ஆனால் சாணம் முழுக்க வயலுக்கு எரு. காலனியில் குழி தோண்டப் புறம்போக்கு உண்டு, தோண்டக் கையும் உண்டு. ஆனால் இந்த மூன்று தெருவும் ஒன்றாக உட்கார்ந்ததை முள்ளிப்பட்டில் யாரும் பார்த்ததில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட மூன்று தடவை கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவளே ரேணுகாம்பாள்தான். முந்தின ராத்திரி சாதம் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"ஊரே ஒத்துக்கும்போலத்தாங்க இருக்குது. மேட்டுத்தெரு வீரபாகுகூடச் சரின்னுடுவாராம். இதைத் தடுக்கற அளவுக்கு நம்ம தெருவுல யாருக்குங்க தைரியம் இருக்குது?"

சுப்பராயலு சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினான். பட்டு தொடுகிற கையால் சாணி தொடுவதா என்பது அவன் முதல் கேள்வி. டிரம் வெடித்தால் என்ன ஆவது என்பது இரண்டாவது. வீரபாகு சரியென்ற ஒன்றுக்குத் தானும் சரியென்பதா என்பது வெளியே சொல்லாத மூன்றாவது.

காலையில் அறிவித்த கையோடு கிளம்பிவிட்டான். தறித்தெருவில் வீடு வீடாக நுழைந்து, சாண நாற்றம் சேலையில் ஏறினால் ஆரணிக் கடைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்புவான் என்றான். காது மந்தமான ஒரு நெசவாளி மட்டும், "கேஸா? யார் மேல? வக்கீல் வெச்சாச்சா?" என்று கவலைப்பட்டார். அவருக்கு விளக்குவதற்குள் அரைநாள் தறி நின்றது.

மேட்டுத்தெருவில் வீரபாகுவின் களத்துக்கே போனான். பத்து மாடும் பெரிய குரலும் உள்ள மனுஷன் வீரபாகு. அவரிடம் வேறு பாட்டு. சாணியெல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும், வயலுக்கு ஒரு கூடை எரு மிஞ்சாது என்றான். வீரபாகு மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

இரண்டு தெருவையும் முடித்துவிட்டு வெற்றி வீரனாகத் திரும்பியவனுக்கு ரேணுகாம்பாள் மோர் கொடுத்தாள். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாக மறந்துவிடுவார்கள் என்றாள். எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, அந்தச் சேவிகா அம்மா முகத்துக்கு நேராகவே வேண்டாமென்று சொல்லவைத்தால் அதோடு தீர்ந்தது என்றாள். மோர் தீர்வதற்குள் அது சுப்பராயலுவின் சொந்த யோசனையாகிவிட்டது.

பாக்கி காலனி. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் அவன் கால் வைத்ததில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிப் போகும் சின்னபொண்ணுதான் அங்கே பேச்சுக்கு முன்னால் நிற்பவள். அவள் வீட்டு வாசலில் நின்று, நீங்கள் சாணி சுமப்பீர்கள், மற்ற தெருக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்றான். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, தறிக்காரரே. அந்தக் கூட்டத்துல நாங்க எங்க உக்காரணும்?"

சுப்பராயலு உட்கார்ந்தான். எதிர்ப்பு வேகத்தில் யோசிக்காமல் வாயைத் திறந்தான்.

"எங்க வேணும்னாலும் உக்காரு. என் பக்கத்துலயே உக்காரு. வேணாம்னு கை தூக்கணும், அதான் முக்கியம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதுக்கே எட்டியது. சின்னபொண்ணு அவனை ஒரு கணம் பார்த்தாள். வருகிறேன் என்றாள்.

அமாவாசையன்று தறிக்கு லீவு. பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். சுப்பராயலு போய்ப் பார்த்து மலைத்துவிட்டான். மேட்டுத்தெரு, தறித்தெரு, காலனி, ஆண், பெண், கைக்குழந்தை எல்லாம் ஒரே வெயிலில் ஒரே தரையில் உட்கார்ந்திருந்தது. இத்தனை பேரையும் நாமா கூட்டினோம் என்று அவனுக்கே புல்லரித்தது. சின்னபொண்ணு சொன்னபடி வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சிலர் முகம் சுளித்தார்கள். சுப்பராயலு அசையவில்லை. அவனுக்கு ஓட்டு முக்கியம்.

அவன் பேச எழுந்தபோது பெண்கள் பக்கமிருந்து ரேணுகாம்பாளின் குரல் மெதுவாக வந்தது. எல்லாருக்காகவும் ஒருத்தரே எதற்குப் பேச வேண்டும், அவரவர் குறையை அவரவரே சொல்லட்டும் என்றாள். நியாயம்தான் என்று நாலுபேர் தலையாட்டினார்கள்.

வீரபாகு எழுந்து எருக் கதையைச் சொன்னார். வாயு போனபிறகு சாணம் கரைசலாக அப்படியே வெளியே வரும், முன்னைவிட நல்ல எரு, எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள் அபிதகுசாம்பாள். வீரபாகு சுப்பராயலுவைத் திரும்பிப் பார்த்தார். தறித்தெருக்காரர் ஒருவர் நாற்றத்தைச் சொன்னார். மூடின டிரம்முக்குள் இருப்பது வெளியே நாறாது, உங்கள் பட்டைக் கெடுப்பது இப்போதிருக்கிற புகைதான் என்றாள் சேவிகா. பிறகு சின்னபொண்ணு எழுந்தாள். நாங்கள் சுமந்து நீங்கள் எரிப்பதென்றால் வேண்டாம் என்றாள்.

பதில் ரேணுகாம்பாளிடமிருந்து வந்தது.

"குழி புறம்போக்குல தானே வருது? குழாய் அங்கருந்து கிளம்பினா மொத அடுப்பு காலனி அடுப்பு. அப்பால மேட்டுத்தெரு. கடைசிதான் எங்க தறித்தெரு. அப்படின்னா சம்மதமா?"

மேட்டுத்தெரு ஆண்கள் வீரபாகுவின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டம் அந்த இடத்தில் ஒடிந்துவிடும் போலிருந்தது. சுப்பராயலுவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. தன் பெண்டாட்டி தனியாக நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதல்முறையாக அந்தச் சிவந்த கண்கள் அவன் கண்ணில் பட்டன.

அப்போது வீரபாகுவின் மனைவி சாவித்திரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"யார் அடுப்பு மொதல்ல எரிஞ்சா இன்னா? எங்கண்ணு எரியாம இருந்தா போதும்."

ஒரு பெண் சிரித்தாள். அடுத்தவளும் சிரித்தாள். மூன்று தெருப் பெண்களும் சேர்ந்து சிரித்த சத்தத்தை முள்ளிப்பட்டு அன்றுதான் கேட்டது. அவர்கள் கைதான் முதலில் உயர்ந்தது. வீரபாகு மனைவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு கையைத் தூக்கினார். எண்ணிப் பார்க்கவே தேவைப்படவில்லை. தூக்காத கை சுப்பராயலுவுடையது ஒன்றுதான்.

சங்கத்துக்குத் தலைவர் யார் என்ற கேள்வி வந்தது. மூன்று தெருவுக்கும் வீடு வீடாகப் போனவன் இந்த ஊரிலேயே சுப்பராயலு ஒருத்தன்தான் என்றார் வீரபாகு. எங்கள் வாசலில் உட்கார்ந்து பேசினவரும் அவர்தான் என்றாள் சின்னபொண்ணு. எதிர்க்க வந்தவன் மாலையோடு வீடு திரும்பினான்.

குழி தோண்டினார்கள். மேட்டுத்தெருச் சாணம் வண்டி வண்டியாக வந்தது. காலனியும் தறித்தெருவும் முறைபோட்டுக் கரைத்தன. தலைவர் என்பதால் பட்டு தொடுகிற கையும் அதில் இறங்கியது. ஆள்கள் கட்டிப்பிடித்து இறக்கிய அந்தப் பெரிய இரும்பு டிரம், ஒரு விடியற்காலையில், யாரும் தொடாமல் தானாகவே மேலே எழும்பி நின்றது. ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. சுப்பராயலு அதைத் தொட்டுப் பார்த்தான். யானை மூச்சுவிடுவதுபோல் மெல்ல ஆடியது. கையைக் கூப்பலாமா என்று தோன்றி, பிறகு கூச்சப்பட்டுக்கொண்டான்.

அன்றைக்கே சின்னபொண்ணு வீட்டு அடுப்பு பற்றியது. பிறகு சாவித்திரி வீட்டில். கடைசியில் அவன் வீட்டில். நீலமாய், பூப்போல வட்டமாய், சத்தமே இல்லாமல் நின்றது தீ. ரேணுகாம்பாள் ஊதவில்லை, இருமவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் தானாகப் பொங்கியது. சுப்பராயலு வாசற்படியில் நின்றபடி தீயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"ஏம்மே, நான் அன்னிக்கே சரின்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"சரின்னுட்டு நீங்க தறியில உக்காந்துகினு இருப்பீங்க. மூணு தெருவுக்கும் யாருங்க போறது? நான் கூப்பிட்டா ஆம்பளைங்க வருவாங்களா?"

அவள் பாலை இறக்கிவைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பொம்பளைப் பசங்களுக்கு ஹைஸ்கூல் ஒண்ணு வருதாம். நீங்க இன்னா சொல்றீங்க?"

சுப்பராயலு தறிக்குழியில் போய் உட்கார்ந்தான். எழுந்து நிற்கவில்லை.

"நீயே சொல்லிடு ரேணுகா. இதை நான் ஆதரிக்கணுமா, எதிர்க்கணுமா?"