ஆண்டறிக்கையில் செலின் துவைத்த துணிகள்

அம்பத்தூர்,
18.9.1998

மரியாதைக்குரிய ராயப்பன் மாமாவுக்கு,

இன்று காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. எங்கள் கம்பெனிக்குக் கடன் கொடுக்க பேங்க் சம்மதித்துவிட்டது. எங்கள் கணக்கு மேனேஜர் ரகுநாதன் சாரின் வேலை தப்பியது. காரணம் உங்கள் மகள். அத்தையின் மூட்டுவலி குறைந்திருக்க ஜெபிக்கிறேன். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கரி எரித்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஃபாக்டரிகளுக்கு மின்சாரம் விற்கிறவர்கள் நாங்கள். ஆண்டறிக்கையில் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு பக்கம் உண்டு, எம்.டி. வேப்பங்கன்று நடும் போட்டோ. அஞ்சு வருஷமா அதே போட்டோ, கன்று ஒரு இஞ்ச் வளரலை. பாய்லர் இன்ஜினியர் என்பதால் அந்தப் பக்கத்துக்குப் புகைக்கணக்கு கொடுப்பது நான். செலின் ஆண்டவரிடம் போன அடுத்த மாசம் கொடுக்கவேண்டி வந்தது, தலை வேலை செய்யலை, கொடுத்த கட்டோடு அவள் நோட்டும் தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டது. மொட்டைமாடித் துணியில் எங்க புகைபோக்கிச் சாம்பல் விழுந்து திரும்பத் துவைத்த நாளையெல்லாம் எழுதிவைப்பாளே, அந்த நோட்டு. "மார்ச் 4. சாம்பல். இவர் வெள்ளைச் சட்டை ரெண்டு, மறுபடி. இன்ஜினியராம்." அப்படியே அச்சாகி பேங்க் வரைக்கும் போயிடுச்சு மாமா.

எம்.டி. கூப்பிட்டனுப்பினார். பியூன் துலுக்கானம் வழியிலேயே, "சார், உள்ள இன்னா சொன்னாலும் தலைய ஆட்டிகினு வந்துடு, மூஞ்சி செவந்துகீது"ன்னான். உள்ளே, அறிக்கையில் கையெழுத்து போட்ட ரகுநாதன் சார் நின்னுகிட்டிருந்தார். எம்.டி. அவரைத்தான் கேட்டார்.

"இதப் படிச்சுட்டா கையெழுத்து போட்டீங்க?"

"படிச்சேன் சார். சாம்பல் பிடிக்கிற ஃபில்டர் நின்ன நாளும் அந்தம்மா திரும்பத் துவைச்ச நாளும் ஒண்ணுவிடாம ஒத்துப்போகுது. என் பாலன்ஸ் ஷீட்கூட இவ்வளவு ஒத்துப்போனதில்லை. எடுக்க மனசு வரலை."

"பேங்க் கைவிரிச்சா நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"சரி சார்."

அவ்வளவுதான் சொன்னார். மூணு பொண்ணு வெச்சிருக்கிற மனுஷன். பக்கத்தில் நின்ன என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பேங்க் ஆளுங்க நோட்டைப் படிச்சு முதல்ல சிரிச்சாங்களாம். அப்புறம், "சட்டை கறுத்ததையே மறைக்காதவங்க நஷ்டத்தையா மறைச்சிருக்கப்போறாங்க"ன்னு புது ஃபில்டருக்கும் சேர்த்தே கடன் கொடுத்துட்டாங்க. நான் மீட்டர் வெச்சு அளந்ததை அவ சோப்பு வெச்சு அளந்திருக்கா மாமா.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

கீழ்ப்படிந்த மருமகன்,
பால்ராஜ்

பி.கு.: தவறிப்போய் என்று மேலே எழுதியது பொய். நான்தான் கட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிச்சேன். அவ எழுதினதை என்னைத் தவிர யாராவது ஒருத்தர் படிக்கணும்னு தோணிச்சு. ரகுநாதன் சார் கிட்ட திங்கட்கிழமை சொல்லிடுவேன். எம்.டி. அடுத்த அறிக்கைக்குப் போட இந்த வருஷ நோட்டு எங்கேன்னு காலையிலேர்ந்து கேட்டுகிட்டே இருக்கார். ஜூன் பதினொண்ணுக்கு மேல பக்கமெல்லாம் வெள்ளையா இருக்குன்னு சொல்ல வாய் வரலை. கம்பெனி கொடுத்த செல்போனை அணைச்சு வெச்சுட்டேன்.